ஓதம் வற்றிய வழியில் பாதரட்சை

மனிதன் தன் காலில் தோலையோ நாரையோ மரத்தையோ பூட்டிக்கொண்ட காலம் முதல், வெளியே இருப்பதை வெளியிலேயே நிறுத்துவதுதான் அந்தப் பூட்டுக்கு அவன் விதித்த முதற் கடமை; முள்ளும் கல்லும், கோடைத் தரையின் கொதிப்பும், மழைநாளின் சேறும் உள்ளங்காலை அணுகாமல் காப்பதே நல்ல பாதரட்சையின் இலட்சணம் என்று எல்லாத் தேசத்தாரும் கொண்டனர். ஆனால், கடலோர மணலிலும் முழங்காலுக்குக் கீழ்ப்பட்ட நீரிலும் மாறிமாறி ஓடுகிறவர்களுக்கென்று அண்மைக் காலத்தில் செய்யப்படும் பாதரட்சையோ இந்தப் பழைய இலட்சணத்தை விட்டு வேறொரு தர்மத்தை மேற்கொண்டிருக்கிறது. நீரைத் தடுக்க அது முயல்வதே இல்லை. முதல் அலையிலேயே நீர் உள்ளே புகுந்துவிடும் என்பதை முன்னதாகவே ஒப்புக்கொண்டு, புகுந்த நீர் அடுத்த சில எட்டுகளுக்குள் வடிந்துபோவதற்காகவே அதன் ஒவ்வோர் அங்கமும் அமைக்கப்படுகிறது.

மேற்புறம் தோலன்று, நீரை உறிஞ்சாத செயற்கை இழையால் நெய்த வலைத்துணி. அடிப்பாகத்திலும் ஓரங்களிலும் வடிதுளைகள் உண்டு. நீரைக் குடித்துக் கனத்துப்போகும் பஞ்சுறை எதுவும் உள்ளே கிடையாது; மெத்தென்று இருக்கவேண்டிய இடத்தில், ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் மூடிய சிற்றறைகளால் ஆன நுரைப்பொருளை வைக்கிறார்கள், அதனுள் நீர் ஊற வழியில்லை. இந்த ஏற்பாட்டில் சிரமமானது எதுவென்றால், நீரை வெளியே விடும் கண்ணே மணலை உள்ளே விடும் கண்ணாகவும் ஆகிவிடுவதுதான். பூகர்ப்ப சாஸ்திரிகளின் அளவுப்படி 0.0625 மில்லிமீட்டருக்கும் 2 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட பரலே மணல் எனப்படுவது. ஆகவே வலையின் கண்களை நெருக்கினால் மணல் நிற்கும், நீரும் தயங்கும். அகற்றினால் நீர் விரைந்து போகும், அது போன வழியே மணல் வந்து விரலிடுக்கில் குடியேறும். மொரோக்கோவின் சஹாராப் பிரதேசத்தில் 1986 முதல் நடந்துவருவதும், ஏறத்தாழ 250 கிலோமீட்டரைப் பல நாட்களில் கடப்பதுமான 'மாரத்தான் தே சாப்ல்' என்னும் பெரும் ஓட்டத்தில் கலந்துகொள்கிறவர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. அங்கே நீர் இல்லை, மணல் மட்டுமே உண்டு. அதனால் காலணியின் விளிம்பெங்கும் ஒட்டிக் கணுக்காலுக்கு மேல்வரை ஏறும் துணியுறையால் எல்லா வாயில்களையும் அடைத்துவிடுகிறார்கள். பாலைக்கு அடைப்பது போதும். கடலோரத்துக்கு அது போதாது. எதை உள்ளே விடலாம், எதை விடலாகாது, விட்டதை எவ்வளவு விரைவில் போக்கவேண்டும் என்று நிதானிக்கும் ஒரு விவேகம் அங்கே வேண்டியிருக்கிறது.

வெறுங்காலோடு ஓடினால் என்ன என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானதே. ஆயினும், மணல் தன்மேல் நடப்பவனிடமிருந்து பெறும் வரி சிறிதன்று. லெஜூன், வில்லெம்ஸ், ஹெக்லண்ட் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் 1998-இல் வெளியிட்ட அளவுகளின்படி, அதே வேகத்தில் கெட்டித் தரையில் நடப்பதற்கு ஆகும் சக்தியைப்போல 2.1 முதல் 2.7 மடங்கு மணலில் நடப்பதற்குச் செலவாகிறது, ஓடுவதற்கு 1.6 மடங்கு செலவாகிறது. காலின் உந்துதலில் ஒரு பங்கு உடலை முன்னே கொண்டுசெல்லாமல் மணலைப் பின்னே தள்ளுவதிலேயே கழிந்துவிடுகிறது. தசையும் நாணும் சேர்ந்து செய்யும் வேலையின் திறமும் குறைந்துவிடுகிறது. ஈரமணலின் இயல்போ இன்னும் விசித்திரமானது. அதில் பாதத்தை ஊன்றியதும் சுற்றிலும் ஒரு வட்டம் சட்டென்று வெளுத்துக் காய்வதைக் கடற்கரைக்குச் சென்ற யாவரும் கண்டிருப்பார்கள்; நெருங்கிக் கிடந்த பரல்கள் மிதியுண்டு நெகிழ்ந்து விரிய, அவற்றின் இடைவெளிகள் பெருகி, மேலிருந்த நீர் உள்ளே இழுக்கப்படுவதே அதற்குக் காரணம் என்று ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1885-இல் விளக்கினார். தரை இப்படி ஓர் எட்டுக்கு ஒருவிதமாய் இருக்க, நனைந்து ஊறிய தோலோ உராய்வுக்கு எளிதில் இடம்கொடுத்துக் கொப்புளிக்கிறது. மணலுக்குள் புதைந்த உடைந்த சிப்பி எங்கே இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரிவதில்லை. காலைக் காக்கவேண்டும் என்ற எண்ணம் இவ்வாறு சோம்பலிலிருந்து பிறவாமல் தரையின் இயல்பிலிருந்தே பிறக்கிறது.

இவ்வளவும் ஓட்டக்காரனின் விஷயம். அவன் எதை அணிந்தாலும் அதில் சமயத்துக்கு வழக்கில்லை. ஆனால் இதே மணலையும் இதே நீரையும் ஒருவன் ஈசுவரனை நாடிக் கடக்கும்போது, அவன் தன் காலைக் காத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. யாத்திரையின் பயன் வழியிற் படும் வருத்தத்தில்தான் அடங்கியிருக்கிறது, ஆதலால் வெறுங்காலே உசிதம் என்பர் ஒரு சாரார். சேருமிடத்தில் நிற்கும் சித்தமே முக்கியம், கால் எப்படி வந்தால் என்ன என்பர் மற்றொரு சாரார். இரண்டிலும் ஓர் அவசரம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. முன்னவர் நிலத்தின்முன் நிற்பதையும் நிலத்தைக் கடப்பதையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள். பின்னவரோ கடப்பதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

விவிலியத்தின் யாத்திராகமம் இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. அதன் மூன்றாம் அதிகாரத்தில், எரிந்தும் கருகாத முட்செடியின்முன் நின்ற மோசேக்குக் காலணியைக் கழற்றும்படி கட்டளை பிறக்கிறது. நிற்கும் இடம் பரிசுத்தமானது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பன்னிரண்டாம் அதிகாரத்தில், எகிப்தை விட்டுப் புறப்படும் பஸ்கா இரவில், அதே மோசேயின் வாயிலாக அந்த ஜனங்கள் எல்லாருக்கும் இடப்பட்ட கட்டளையோ காலணியை அணிந்தபடியே, கையில் கோலுடன், விரைந்து உண்ணவேண்டும் என்பது. சந்நிதியில் நிற்கிறவனுக்கு ஒரு விதி, புறப்பட்டுச் செல்கிறவனுக்கு வேறொரு விதி. இரண்டையும் விதித்தவன் ஒருவனே. அந்தப் புறப்பாட்டின் தொடர்ச்சியாகவே பதினான்காம் அதிகாரத்தில் கடல் விலகி, அதன் அடித்தரை வழியாகிறது. அப்படி வழியான கடற்படுகையைக் காலணி அணிந்த கால்களே கடந்திருக்கவேண்டும் என்பதைப் பக்தர்கள் பெரும்பாலும் நினைத்துப் பார்ப்பதில்லை.

கடல் விலகி வழிவிடுவதை நாள்தோறும் காணக்கூடிய ஒரு க்ஷேத்திரம் இங்கிலாந்தின் வடகீழ்க் கரையில் இருக்கிறது. லிண்டிஸ்ஃபார்ன் என்ற அந்தச் சிறு தீவை, ஓதம் நாளுக்கு இரண்டு தடவை பெருகி நிலத்திலிருந்து துண்டிக்கிறது. இரண்டு தடவை வற்றி, நிலத்தோடு மணலாலும் சேற்றாலும் சேர்த்துவைக்கிறது. அயோனாவிலிருந்து வந்த ஏய்டன் என்ற துறவி, ஆஸ்வால்ட் மன்னனின் அழைப்பின்பேரில் 635-இல் அங்கே மடம் அமைத்தார். அந்த ஏய்டன் எங்கும் கால்நடையாகவே சென்றவர். ஆஸ்வின் மன்னன் கொடுத்த உயர்ந்த குதிரையை வழியில் கண்ட ஒரு பிச்சைக்காரனுக்குச் சேணத்தோடு தானம் செய்துவிட்டவர். வாகனங்கள் செல்லத் தாம்போதி 1954-இல் வந்துவிட்டது என்றாலும், மணலில் நட்ட கம்பங்களைப் பின்பற்றிச் சுமார் ஐந்து கிலோமீட்டர் நடந்துசெல்லும் பழைய யாத்திரை வழி இன்றும் இருக்கிறது. ஓதம் முந்திக்கொண்டால் ஏறி உயிர் தப்புவதற்கு உயர்ந்த மரக்கால்களின்மேல் கூண்டுகளும் வழியில் அமைக்கப்பட்டிருக்கின்றன. பெரிய வெள்ளியன்று சிலுவையைத் தோளில் சுமந்து அந்த மணலைக் கடக்கும் கூட்டத்தில் வெறுங்காலோடு வருகிறவர்கள் பலர். முழங்கால்வரை உயர்ந்த ரப்பர்ப் பூட்ஸோடு வருகிறவர்களும் உண்டு. ஒரே சிலுவையின் கீழ் இருவகைக் கால்களும் ஒரே நீரில் இறங்குகின்றன.

இவர்களில் எந்தக் கால் யாத்திரைக்கு உரியது என்று அந்தத் தீவின் மகானையே கேட்பதானால், விடை எளிதாக வராது. கத்பர்ட் என்ற அந்தத் துறவி லிண்டிஸ்ஃபார்ன் மடத்தில் தலைமைப் பணி புரிந்து, பிறகு ஃபார்ன் தீவில் தனிமைத் தவம் இருந்து, 685-இல் ஆயர் பட்டம் ஏற்று, 687-இல் உடலை விட்டவர். அவருடைய சரித்திரத்தை எழுதிய பீட் என்ற மாபெரும் பண்டிதர் அவருடைய கால்களைப் பற்றி இரண்டு செய்திகளைக் குறித்து வைத்திருக்கிறார். கோல்டிங்ஹாம் என்ற இடத்து மடத்துக்கு அவர் சென்றிருந்தபோது, இரவில் யாரும் அறியாமல் கடலுக்குள் கழுத்தளவு இறங்கி, விடியும்வரை அலைகளின் ஓசைக்கிடையே துதித்துக்கொண்டிருந்தார் என்பதும், விடியலில் கரையேறி மணலில் மண்டியிட்டபோது இரண்டு நீர்நாய்கள் கடலிலிருந்து பின்தொடர்ந்து வந்து, மூச்சுக் காற்றால் அவருடைய பாதங்களுக்குச் சூடேற்றி, தம் ரோமத்தால் அவற்றைத் துடைத்துக் காயவைத்தன என்பதும் ஒரு செய்தி. மறைந்திருந்து இதைக் கண்ட மடத்துச் சகோதரர் ஒருவர் அச்சத்தால் நோயுற்று மன்னிப்புக் கேட்டார் என்றும், தாம் உயிரோடு இருக்கும்வரை இதை யாரிடமும் சொல்லலாகாது என்று கத்பர்ட் அவரைக் கட்டுப்படுத்தினார் என்றும் பீட் எழுதுகிறார்.

மற்றொரு செய்தியை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். தனிமைத் தவத்தில் இருந்த கத்பர்ட் தோலாலான தம் காலுறைகளை ஒரு பஸ்கா முதல் மறு பஸ்காவரை கழற்றாமலே இருப்பாராம்; பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்குக்காக மட்டுமே அவை கழற்றப்படுமாம்; அவற்றோடு ஓயாமல் முழந்தாளிட்டு வணங்கியதால், பாதமும் கணைக்காலும் கூடும் இடத்தில் நீண்டு தடித்த காய்ப்பு அவருக்கு ஏற்பட்டிருந்ததாம். காலணியைக் கழற்றுவதே துறவு என்று கருதுகிறவர்களை இந்தச் செய்தி திகைக்க வைக்கும். சரீரத்தின்மேல் அவருக்கு இருந்த அலட்சியத்துக்கு உதாரணமாகத்தான் பீட் இதைச் சொல்கிறார். கழற்றுவதற்குக் கூடக் காலை நினைக்கவேண்டும், அந்த நினைவே அவருக்கு இல்லை. ஆகவே ஒருவனுடைய வைராக்கியத்தை அவன் காலில் எது இருக்கிறது என்பதைக் கொண்டு அளக்க முடியாது. அதே மனிதருடைய வெற்றுப் பாதம் கடலில் உறைந்துபோனபோது அதற்குச் சூடும் துணையும் வேண்டியிருந்தன என்பதை அவருடைய சரித்திரம் மறைக்கவும் இல்லை. தீவிர தவத்தைப் புகழ வந்த கதையில் கருணை இறங்கிய இடம் அவருடைய சிரசன்று, பாதம் என்பது என் மனத்தில் ஆழமாகப் பதிந்த விஷயம்.

நம்முடைய மகாபாரதமும் செருப்பின் பிறப்பைக் கருணையோடுதான் சேர்த்துச் சொல்கிறது. அநுசாசன பர்வத்தில் பீஷ்மர் தருமபுத்திரனுக்குக் கூறும் கதை அது: ஜமதக்னி முனிவர் எய்யும் அம்புகளை எடுத்துவந்து கொடுத்த ரேணுகை, உச்சிவேளையின் வெப்பத்தால் தலையும் காலும் தகிக்க மரநிழலில் சற்றே நின்று தாமதித்தாள், காரணம் அறிந்த முனிவர் சூரியனை நோக்கியே வில்லை வளைத்தார், சூரியன் பிராமண வடிவில் வந்து சமாதானம் சொல்லி, குடையையும் செருப்பையும் அளித்தான். சிராத்த காலத்தில் இவ்விரண்டையும் ஏன் தானம் செய்கிறார்கள் என்ற கேள்விக்கு விடையாகவே இந்தக் கதை வருகிறது. தமிழ்நாட்டில் அபரக் கிரியைகளில் குடையும் செருப்பும் தானமாகக் கொடுப்பதைக் கண்டவர்கள், மரித்தவன் செல்லும் யமமார்க்கம் கொதிக்கும் மணலாலானது என்றும் அதன் குறுக்கே வைதரணி நதி கிடக்கிறது என்றும் கருட புராணம் வர்ணிப்பதை அறிவார்கள். மணலுக்குச் செருப்பு, ஆழமும் கோரமும் உடைய அந்த நதிக்குச் செருப்பு உதவாது, ஆதலால் கோதானம். கடைசி யாத்திரையிலும்கூடத் தரையின் இயல்பு அறிந்து காலுக்கு உதவி செய்யவேண்டும் என்று நம் முன்னோர் நினைத்தார்கள். மரித்தவனை வருத்தத்தால் சுத்தி பெறட்டும் என்று வெறுங்காலோடு அனுப்பிவிட அவர்கள் மனம் ஒப்பவில்லை.

வெறுங்காலின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. சைனத் துறவிகள், திகம்பரர் சுவேதாம்பரர் இருசாராரும், செருப்பில்லாமல் நடக்கிறார்கள். அடியெடுத்து வைக்கும் இடத்தில் ஒரு சிற்றுயிர் இருக்கலாம் என்று தரையைப் பார்த்து நடக்கும் ஈர்யா சமிதி அவர்களுடைய ஒழுக்கங்களில் ஒன்று. அங்கே வெறுங்கால் பிறவுயிரின் பொருட்டு ஏற்பட்டது. தன் வலியைத் தனக்குப் புண்ணியமாக்கிக்கொள்ளும் எண்ணம் அதில் இல்லை. அப்படி ஒரு காரணம் இருக்குமானால் அதன்முன் நான் தலை வணங்குவேன். வலி தானாகவே ஒரு காரணமாகிவிடும் என்பதைத்தான் என்னால் ஏற்கமுடியவில்லை.

இனி, நீரை உள்ளே விட்டு வெளியே போக்கும் அந்தப் பாதரட்சையை இந்த வெளிச்சத்தில் மறுபடி பார்க்கலாம். பற்றின்மைக்கு நம் தேசத்தில் வழங்கிவரும் பிரசித்தமான உவமானம் தாமரை இலை. கீதையின் ஐந்தாம் அத்தியாயத்திலும் அது வருகிறது. நீரிலேயே இருந்தும் நீர் ஒட்டாத அந்த நிலை சித்தர்களுக்கும் ஜீவன்முக்தர்களுக்கும் இயல்பாக இருக்கலாம். ஆனால் குடும்பத்திலும் தொழிலிலும் உழலும் சாமானியனுக்கு அந்த உவமானத்தை அப்படியே விதியாக்கியபோது, அவன் இலையாக முடியாமல், நீர் புகாத தோற்பூட்ஸாக முயன்றான் என்பதே நான் கண்ட அனுபவம். துக்கம் தன்னைத் தொடக்கூடாது, பிறர் கண்ணீர் தன்னுள் இறங்கக்கூடாது என்று எல்லாத் தையல்களையும் இறுக்கிக்கொள்கிறான். அத்தகைய பூட்ஸின் குறை, கரையோரத்தில் நடக்கும்போது தெரியாது. ஆழம் சற்றே கூடி, நீர் அதன் விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். நீர் புகாதபடி செய்யப்பட்ட தோலே புகுந்த நீரைப் போகவிடாத தோலுமாகிறது. அதன்பின் ஒவ்வோர் எட்டிலும் அந்தக் கனத்தைத் தூக்கியே நடக்கவேண்டும். வாழ்நாளெல்லாம் எதற்கும் கலங்காதவர் என்று பெயர் வாங்கிய சில பெரியவர்கள், முதுமையில் ஒரே ஒரு மரணத்தால் உள்ளே நனைந்து, அந்த ஈரம் கடைசிவரை காயாமலே போய்ச் சேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் தடுக்கத் தெரிந்திருந்தது, வடியவிடத் தெரியவில்லை.

நனையாமல் கடப்பது ஒருவகைப் பற்றின்மை. நனைவதற்கு உடன்பட்டு, நனைத்ததைப் பிடித்துவைக்காமல் கடப்பது மற்றொரு வகை. சம்சாரத்தில் இருப்பவனுக்கு உரியது இரண்டாவதே என்று நான் நம்புகிறேன். அதற்கும் ஒரு வலைக்கண் வேண்டும்: துக்கம் உள்ளே வரலாம், அது வந்த வழியே மணற்பரலாய் நுழைந்து உறுத்தும் கசப்பு வரலாகாது. இந்த அளவை ஒரே நாளில் யாரும் கண்டுபிடித்துவிட முடியாது; கண் சற்றே அகன்றும் சற்றே நெருங்கியும், பலமுறை கொப்புளித்த பிறகே அமைகிறது.

காப்பு எவ்வளவு போதும் என்ற இந்தக் கேள்வியைப் புத்தர் பெருமான் ஒரு மாணாக்கனின் இரத்தத்தைக் கண்டு எதிர்கொண்டார் என்று பௌத்த விநயத்தின் மகாவக்கம் சொல்கிறது. சம்பா நகரத்துச் செல்வர் மகனான சோணன், மிருதுவாக வளர்ந்த தன் பாதங்களோடு துறவு பூண்டு, நடந்தபடியே தியானம் செய்யும் வழக்கத்தை அளவுமீறி மேற்கொண்டதில், பாதம் வெடித்து, நடைபாதை முழுவதும் செந்நிறமாயிற்று. வீணையின் தந்தி மிக முறுகினாலும் மிக நெகிழ்ந்தாலும் நாதம் எழாது என்பதை அவன் வாயாலேயே சொல்லவைத்த பெருமான், அவனுக்கு ஒற்றை அடுக்குச் செருப்பை அனுமதித்தார். சோணன் உடனே அதை ஏற்கவில்லை. எண்பது வண்டிப் பொன்னையும் யானைப்படையையும் துறந்தவன் இப்போது செருப்பில் பற்று வைத்தான் என்று உலகம் பேசும். சங்கத்தார் யாவருக்கும் அனுமதி உண்டானால் நானும் அணிவேன், எனக்கு மட்டும் என்றால் வேண்டாம் என்ற கருத்தில் விண்ணப்பித்தான். பெருமான் அவ்வாறே எல்லாருக்கும் அனுமதி அளித்து, இரண்டு அடுக்கும் மூன்று அடுக்கும் கூடாதென்று வரம்பும் வகுத்தார்.

அந்த வரம்போடு விஷயம் முடியவில்லை. அதே பகுதியின் இறுதியில், தெற்கு அவந்தி தேசத்தில் வசித்த மகா கச்சாயனர், சோணன் என்றே பெயர் கொண்ட தம் மாணாக்கர் ஒருவரிடம் ஒரு வேண்டுகோளைச் சொல்லி அனுப்புகிறார்: இங்கே மண் கறுப்பாகவும் கரடாகவும் இருக்கிறது, மாடுகளின் குளம்பால் மிதியுண்டு இறுகிக் கிடக்கிறது, ஒற்றை அடுக்குச் செருப்பு இந்தத் தரைக்குப் போதாது. புத்தர் அந்த மாணாக்கர் சொன்ன மண்ணின் வர்ணனையைக் கேட்டார். பிக்ஷுக்களின் வைராக்கியத்தைப் பற்றிக் கேள்வி எதுவும் எழுப்பாமல், அவந்தியைப் போன்ற எல்லைப்புறத் தேசங்களில் பல அடுக்குச் செருப்பு அணியலாம் என்று தாம் வகுத்த விதியைத் தாமே தளர்த்தினார்.